பெட்டியின் மேல் என்ன எழுதுவது?

சித்தூரிலிருந்து காணிப்பாக்கம் போகும் வழியில் ஒரு சிற்றூர். அங்கே ஒரு பெரியம்மா இருக்கிறார். அவருடைய மகன் குவைத்தில் கார் ஓட்டுகிறார். மகனுக்கு அனுப்புவதற்காகப் பெரியம்மா ஒரு அட்டைப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

பெட்டிக்குள் மாங்காய் ஊறுகாய் இருந்தது. கடலை உருண்டை இருந்தது. இரண்டு கிலோ கொப்பரைத் தேங்காய் இருந்தது. சாமி கும்பிடக் கற்பூரம், ஒரு கட்டுத் தீப்பெட்டி, கொசு அடிக்கும் மருந்து டப்பா, இரண்டு லுங்கி, ஒரு துண்டு எல்லாம் இருந்தன. மகன் போன தடவை வந்தபோது விட்டுப்போன பவர் பேங்க் ஒன்றும் இருந்தது. அதன் வயிறு கொஞ்சம் உப்பியிருந்தது.

அன்று ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள். பெரியம்மாவின் தங்கை மகன் திருத்தணிக்குப் போய்விட்டு அப்படியே ஊருக்கு வந்திருந்தார். அவருக்குச் சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தின் சரக்குக் கூடத்தில் வேலை. விமானத்தில் போகும் பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலை.

அவர் பெட்டியைப் பார்த்தார்.

"பெரியம்மா, இதுமேல என்னன்னு எழுதப் போறீங்க?"

"பார்சல் கடைக்காரர் சொன்னாருப்பா. வீட்டுச் சாமான்னு எழுதினா போதுமாம். நானே எழுதிடுவேன். இப்போதான் எழுதக் கத்துக்கிட்டேனே!"

"உள்ளே இருக்கிறது வீட்டுச் சாமான்தானா?"

"பின்னே? எல்லாம் நம்ம வீட்டுல இருக்கிறதுதானே?"

தங்கை மகன் உடனே பதில் சொல்லவில்லை. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். கற்பூரப் பாக்கெட்டை எடுத்துத் தனியாக வைத்தார்.

கற்பூரம் எங்கே போகிறது?

கற்பூரக் கட்டி ஒன்றைத் திறந்த தட்டில் வைத்துப் பாருங்கள். சில நாளில் அது சிறுத்துப் போகும். பிறகு காணாமலே போய்விடும். யாரும் எடுக்கவில்லை. எலியும் தின்னவில்லை. அது ஆவியாகிக் காற்றில் கலந்துவிட்டது.

அந்த ஆவியும் தீப்பற்றக் கூடியது. கற்பூரத்தை மூடிய பெட்டிக்குள் வைத்தால் ஆவி பெட்டிக்குள்ளேயே நிற்கும். பக்கத்தில் ஒரு தீப்பொறி வந்தால் போதும். பூசைத் தட்டில் ஒரு துண்டு எரிவது வேறு. மூடிய இடத்தில் பாக்கெட் பாக்கெட்டாக எரிவது வேறு. உலக நாடுகள் சேர்ந்து எழுதிய ஆபத்துப் பொருள் பட்டியலில் கற்பூரத்துக்கும் ஒரு எண் உண்டு. அது 2717.

கொப்பரையின் கதை இன்னும் வியப்பானது. அதற்குத் தீக்குச்சியே வேண்டாம். கொப்பரையில் பாதிக்கு மேல் எண்ணெய். சரியாகக் காயாத கொப்பரையை மூட்டை மூட்டையாக அடுக்கினால் உள்ளே சூடு பிறக்கும். வைக்கோற்போரின் நடுவில் கை விட்டால் சூடாக இருக்குமே, அதுபோல. சூடு வெளியேற வழி இல்லாவிட்டால் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் தானாகவே புகையும், எரியும். கப்பலில் கொப்பரை ஏற்றியவர்களுக்கு இது பழைய காலத்திலிருந்தே தெரியும். கொப்பரையின் எண் 1363.

முழுத் தேங்காய் வேறு, கொப்பரை வேறு. இதில் பலருக்குக் குழப்பம் உண்டு. 2024ஆம் ஆண்டு சபரிமலைக்குப் போகும் பக்தர்கள் நெய்த் தேங்காயைக் கையோடு விமானத்துக்குள் கொண்டுபோகச் சில மாதங்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். சோதனை செய்த பிறகே அனுமதி. கொப்பரைக்கு அந்தச் சலுகை இல்லை.

"கடையிலே பகல்ல விக்கிற பொருள்தானேப்பா? இதுல என்ன ஆபத்து?" என்று பெரியம்மா கேட்டார்.

நல்ல கேள்விதான். தரையில் ஆபத்தில்லாத பொருள் வானத்தில் ஏன் ஆபத்தாகிறது?

ஓரமாக நிறுத்த முடியாது

சித்தூர் வழியாகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் இரவும் பகலும் லாரிகள் ஓடுகின்றன. ஒரு லாரியில் புகை வந்தால் ஓட்டுநர் என்ன செய்வார்? ஓரமாக நிறுத்துவார். கீழே குதிப்பார். மண்ணை அள்ளிப் போடுவார். ஊரார் ஓடி வருவார்கள்.

விமானம் தரையிலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. அங்கே ஓரம் கிடையாது. குதிக்க முடியாது. அருகில் இருக்கும் விமான நிலையத்துக்குப் போக அரை மணி நேரம் ஆகலாம். கடலின் மேல் என்றால் இன்னும் அதிகம் ஆகலாம். சரக்கு விமானத்தில் பயணிகள் இருக்க மாட்டார்கள். பெரும்பாலும் இரண்டு விமானிகள் மட்டுமே இருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் வீடு உயரத்துக்குச் சரக்கு. தீ எந்த மூலையில் பிடித்தது என்று போய்ப் பார்க்கக்கூட எல்லா இடத்துக்கும் வழி இருக்காது.

இன்னொன்றும் உண்டு. ஊட்டிக்குப் போனவர்கள் கவனித்திருப்பார்கள். கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மலை ஏறியதும் பலூன் போல உப்பிவிடும். மேலே காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் பாக்கெட்டுக்கு உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. பறக்கும் விமானத்தின் உள்ளேயும் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டியில் இருப்பதுபோலத்தான் இருக்கும். சரியாக மூடாத பாட்டிலில் இருக்கும் திரவம் மூடியைத் தள்ளிக்கொண்டு கசியும். ஊறுகாய் எண்ணெய் கசிந்தால் துணி கெடும். அமிலம் கசிந்தால்?

1973ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் தேதி அது நடந்தது. நியூயார்க்கிலிருந்து ஒரு சரக்கு விமானம் கிளம்பியது. அதில் நைட்ரிக் அமிலம் இருந்தது. பாட்டில்கள் உடையாமல் இருக்க அவற்றைச் சுற்றி மரத்தூள் அடைத்திருந்தார்கள். கண்ணாடிச் சாமானுக்கு மரத்தூள் நல்லதுதான். ஆனால் நைட்ரிக் அமிலம் மரத்தூளில் பட்டால் சூடாகும், புகையும், எரியும். அமிலம் கசிந்தது. புகை விமானிகளின் அறையை நிரப்பியது. பாஸ்டன் நகரில் இறங்க முயன்றபோது விமானம் விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள். பாட்டிலைக் காப்பாற்ற வைத்த மரத்தூளே தீக்கு விறகானது.

சென்னைக்கு வரவேண்டிய 80 டப்பாக்கள்

"இதெல்லாம் எங்கேயோ அமெரிக்காவுல நடந்ததுப்பா" என்றார் பெரியம்மா.

"நம்ம சென்னைக்கு வரவேண்டிய சரக்கே ஒரு விமானத்தைக் கெடுத்திருக்கு பெரியம்மா" என்றார் தங்கை மகன்.

2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15ஆம் தேதி. சீனாவின் பெய்ஜிங் நகரிலிருந்து மலேசிய விமானம் ஒன்று கோலாலம்பூர் வந்து இறங்கியது. அது பயணிகள் விமானம். அதன் வயிற்றுப் பகுதியில் 80 டப்பாக்கள் இருந்தன. மொத்த எடை சுமார் 2,000 கிலோ. கோலாலம்பூரில் இறக்கி, வேறு விமானத்தில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்ப வேண்டிய சரக்கு அது.

தாளில் ஒரு மருந்துப் பொடியின் பெயர் எழுதியிருந்தது. ஹைட்ராக்ஸிகுயினோலின் என்று பெயர். பெரிய ஆபத்து இல்லாத பொடி. அந்தப் பெயரை நம்பித்தான் எல்லோரும் அந்த டப்பாக்களைத் தொட்டார்கள். பெய்ஜிங்கில் ஏற்றியவர்கள் நம்பினார்கள். விமானியும் நம்பினார். மேலே உட்கார்ந்திருந்த பயணிகளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்றே தெரியாது.

உண்மையில் டப்பாக்களில் இருந்தது பொடி அல்ல. ஆக்ஸாலைல் குளோரைடு என்ற திரவம். ஈரக் காற்று பட்டாலே அது புகையும். அந்தப் புகை நஞ்சு. அது தொட்ட உலோகத்தை அரித்துவிடும்.

சில டப்பாக்கள் கசிந்திருந்தன. சரக்கு இறக்கிய தொழிலாளர்கள் ஐந்து பேர் மயங்கி நோயில் விழுந்தார்கள். அவர்கள் செய்த தவறு எதுவும் இல்லை. தாளில் எழுதியிருந்ததை நம்பிக் கையை நீட்டினார்கள், அவ்வளவுதான்.

விமானத்தின் உடலை அமிலம் அரித்திருந்தது. சில ஆண்டுகளே ஓடிய பெரிய விமானம் அது. பழுது பார்க்கவே முடியாது என்று நிபுணர்கள் சொன்னார்கள். அது மறுபடி பறக்கவில்லை. வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. சரக்கை அனுப்பிய சீன நிறுவனம் 6 கோடியே 50 லட்சம் டாலர் தரவேண்டும் என்று 2007 டிசம்பரில் பெய்ஜிங் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

டப்பாக்கள் தரையில் கசிந்ததால் பிழைத்தார்கள் என்று சொல்ல முடியாது. எப்போது கசியத் தொடங்கியது என்று பயணிகளில் யாருக்குத் தெரியும்? விமானம் இறங்கும்வரை தாங்கியது, அதுதான் நல்ல காலம்.

ஒன்பது வகை

சரக்குக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு ஆபத்துப் பொருள் பற்றிய பயிற்சி கட்டாயம். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மறுபடியும் படிக்க வேண்டும். தேர்வும் எழுத வேண்டும். தங்கை மகன் இரண்டு முறை எழுதியிருக்கிறார்.

அங்கே முதலில் கற்றுக்கொடுப்பது ஒன்பது வகைகளை. வெடிக்கும் பொருள் முதல் வகை. பட்டாசு இதில் அடங்கும். வாயுக்கள் இரண்டாவது. சமையல் வாயு, கொசு மருந்து ஸ்ப்ரே எல்லாம் இங்கே வரும். பெட்ரோல், பெயிண்ட், தின்னர் போன்ற எரியும் திரவங்கள் மூன்றாவது. கற்பூரமும் தீப்பெட்டியும் கொப்பரையும் நான்காவது. ஐந்தாவது வகை தானாக எரியாது, ஆனால் எரிகிற தீக்கு ஆக்சிஜன் கொடுத்து வளர்க்கும். நஞ்சும் நோய்க்கிருமியும் ஆறாவது. பூச்சிமருந்து இதில்தான். கதிர்வீச்சுப் பொருள் ஏழாவது. அமிலம் போல அரிப்பவை எட்டாவது. பாதரசமும் இந்த எட்டில்தான் சேரும். காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடிக் குழாய் உடைந்தால் ஒரு பொட்டுப் பாதரசம் உருளுமே, அது அலுமினியத்தைத் தின்றுவிடும். விமானத்தின் உடல் பெரும்பாலும் அலுமினியம்தான். வேறு எதிலும் சேராதவை ஒன்பதாவது வகை. செல்போன் பேட்டரி இந்த ஒன்பதில் வருகிறது.

ஒவ்வொரு வகைக்கும் ஒரு படம் உண்டு. சாய்ந்த சதுரம், வைர வடிவம். ஒவ்வொரு பக்கமும் பத்து சென்டிமீட்டர். சிவப்பில் தீச்சுடர் இருந்தால் எரியும் திரவம் அல்லது எரியும் வாயு. சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக இருந்தால் எரியும் திடப்பொருள். மண்டை ஓடு இருந்தால் நஞ்சு. ஒரு கையின் மேல் சொட்டுச் சொட்டாக விழுவதுபோல இருந்தால் அமிலம். ஆரஞ்சு நிறத்தில் கறுப்பு விமானம் போட்ட வேறொரு சீட்டும் உண்டு. அது ஒட்டிய பெட்டியைப் பயணிகள் விமானத்தில் ஏற்றவே கூடாது. சரக்கு விமானத்தில் மட்டும்தான் ஏற்றலாம்.

ஏன் படம்? சென்னையில் ஏற்றுபவருக்குத் தமிழ் தெரியும். துபாயில் இறக்குபவருக்கு மலையாளமோ வங்காளமோ தெரியும். சிலருக்கு எந்த எழுத்தும் தெரியாமல் இருக்கலாம். மண்டை ஓடு எல்லோருக்கும் புரியும்.

எந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் எந்தப் பெட்டி என்பதற்கும் கணக்கு உண்டு. கோயிலில் நவகிரகங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒன்பதும் ஒரே மேடையில் இருக்கும். ஆனால் ஒன்றையொன்று பார்க்காது. சரக்குக் கூடத்திலும் சில வகைகள் ஒன்றின் அருகில் ஒன்று நிற்கக்கூடாது. தீயை வளர்க்கும் ஐந்தாம் வகையை எரியும் திரவத்தின் பக்கத்தில் வைக்கக்கூடாது. நஞ்சை உணவுப் பெட்டியின் அருகில் வைக்கக்கூடாது.

காணிப்பாக்கம் போல ஒரு தாள்

இந்தப் படங்களை ஒட்டுவது யார்? விமான நிலையத்தில் இருப்பவர் அல்ல. அனுப்புகிறவர்தான் ஒட்ட வேண்டும். உள்ளே இருப்பது அவருக்குத்தான் தெரியும்.

ஆபத்துப் பொருள் அனுப்புகிறவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். தாளின் இரண்டு ஓரத்திலும் சிவப்புச் சாய்கோடுகள் இருக்கும். பொருளின் சரியான பெயர், அதன் எண், வகை, அளவு, எப்படிக் கட்டியிருக்கிறது என்பதை எல்லாம் எழுத வேண்டும். இது உண்மை, விதிப்படி கட்டியிருக்கிறேன் என்று உறுதி கூற வேண்டும்.

காணிப்பாக்கம் விநாயகர் முன்னால் பிரமாணம் செய்வது சித்தூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. கொடுத்த கடனை இல்லை என்று சொன்னவர்கூட அங்கே நின்று பொய்ச் சத்தியம் செய்யப் பயப்படுவார். சிவப்புக் கோடு போட்ட தாளும் ஒரு பிரமாணம்தான்.

தாள் வந்த பிறகு விமான நிறுவனத்துக்காரர் பெட்டியை ஒவ்வொரு கேள்வியாகச் சரிபார்ப்பார். ஒன்று தவறினாலும் பெட்டி திரும்பிப் போகும். பெட்டி ஏறினால் விமானியிடம் வேறு ஒரு சீட்டுப் போகும். எந்த ஆபத்துப் பொருள், எவ்வளவு, விமானத்தின் எந்த இடத்தில் என்று அதில் இருக்கும். விமானி அதை வாங்கிக்கொண்ட பிறகே கிளம்புவார். நடு வானில் புகை வந்தால் எங்கே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

உலக விமானப் போக்குவரத்து அமைப்பு 1981இல் இதற்கான பொது விதிகளை ஏற்றது. இந்திய அரசு 2003இல் தனி விதிகளை வெளியிட்டது. விதிகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அத்தனையும் முதல் தாளில் எழுதும் பெயரை நம்பித்தான் நிற்கின்றன.

அந்தப் பெயர் பொய்த்தால் என்ன ஆகும்? 1996 மே 11 அன்று அமெரிக்காவின் மயாமி நகரில் ஒரு பயணிகள் விமானத்தில் ஐந்து அட்டைப் பெட்டிகள் ஏறின. ஆக்சிஜன் டப்பாக்கள், காலி என்று எழுதியிருந்தது. அவை காலியாக இல்லை. விமானத்தில் ஆபத்து வந்தால் பயணிகள் மூச்சுவிட ஆக்சிஜன் தரும் டப்பாக்கள் அவை. காலாவதியானதால் கழற்றி எடுத்தவை. இயங்கினால் ஒவ்வொன்றும் 200 டிகிரிக்கு மேல் சூடாகும். சூடும் வரும், தீயை வளர்க்கும் ஆக்சிஜனும் வரும். தவறி இயங்காமல் இருக்க அவற்றுக்கு ஒரு சிறிய மூடி போட வேண்டும். போடவில்லை. போட்டாயிற்று என்று வேலைத் தாளில் கையெழுத்து மட்டும் விழுந்திருந்தது. விமானம் கிளம்பிப் பத்து நிமிடத்தில் சதுப்பு நிலத்தில் விழுந்தது. 110 பேர் இறந்தார்கள்.

காலி என்பது சின்னச் சொல்தான்.

அரை மணி நேரம்

தங்கை மகன் பவர் பேங்கைக் கையில் எடுத்தார். உப்பிய இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இதுதான் பெரியம்மா எனக்கு எல்லாத்தையும்விடப் பயம்."

செல்போன், பவர் பேங்க், மின்சார ஸ்கூட்டர் எல்லாவற்றிலும் இருப்பது லித்தியம் பேட்டரி. சிறிய இடத்தில் நிறைய மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும். அடிபட்டாலோ, நசுங்கினாலோ, இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று தொட்டாலோ உள்ளே சூடு ஏறும். ஒரு பேட்டரி எரிந்தால் அதன் சூட்டில் அடுத்தது எரியும். அதிலிருந்து அடுத்தது. வெடிச்சரம் போலத் தொடரும். சாதாரணத் தீயை அணைக்கும் வாயு இதை நிறுத்துவதில்லை. சூடு உள்ளிருந்தே வருகிறது.

2010 செப்டம்பர் 3ஆம் தேதி மாலை துபாயிலிருந்து ஒரு பெரிய சரக்கு விமானம் ஜெர்மனிக்குக் கிளம்பியது. அதில் 80,000க்கும் மேற்பட்ட லித்தியம் பேட்டரிகள் இருந்தன. ஆபத்துப் பொருள் என்று எதுவும் தாளில் இல்லை. குறைந்தது மூன்று சரக்குகளையாவது ஒன்பதாம் வகை என்று எழுதியிருக்க வேண்டும் என்று பிறகு நடந்த விசாரணை சொன்னது.

கிளம்பி 22 நிமிடத்தில் தீ எச்சரிக்கை மணி அடித்தது. விமானிகள் துபாய்க்குத் திரும்பினார்கள். சில நிமிடங்களில் புகை அவர்களுடைய அறைக்குள் வந்துவிட்டது. எதிரே இருக்கும் கருவிகள் தெரியவில்லை. தலைமை விமானிக்கு ஆக்சிஜன் வரவில்லை. அவர் இருக்கையை விட்டு எழுந்தார், திரும்பி வரவில்லை. துணை விமானி தனியாக ஓட்டினார். எவ்வளவு உயரத்தில் பறக்கிறோம், எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. ரேடியோவை மாற்றக்கூட எண்கள் தெரியவில்லை. அருகில் பறந்த வேறு விமானங்கள் அவர் பேச்சைக் கேட்டுத் துபாய்க்குச் சொன்னார்கள். துபாயின் பதிலை அவருக்குச் சொன்னார்கள். மணி அடித்து அரை மணி நேரத்துக்குள் விமானம் விழுந்தது. இருவரும் இறந்தார்கள்.

அதற்குப் பிறகு விதிகள் இறுகின. 2016 ஏப்ரல் முதல், தனியாகக் கட்டிய லித்தியம் அயன் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக்கூடாது. சரக்கு விமானத்தில் ஏற்றலாம். ஆனால் பேட்டரியில் 30 விழுக்காட்டுக்கு மேல் மின்சாரம் இருக்கக்கூடாது. பாதி வயிறுகூட நிரம்பாத பேட்டரி எரிந்தாலும் அதன் வேகம் குறைவு.

அப்படியானால் அனுப்பவே கூடாதா?

பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார். "அப்போ இந்த மாதிரிப் பொருளை எல்லாம் விமானத்துல ஏத்தவே வேணாமே?"

அப்படியும் சொல்ல முடியாது. சித்தூரிலிருந்து வேலூர் பக்கம்தான். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போகாத சித்தூர்க் குடும்பம் குறைவு. தைராய்டு புற்றுநோய்க்கு அங்கும் மற்றப் பெரிய மருத்துவமனைகளிலும் கதிரியக்க அயோடின் என்ற மருந்து கொடுக்கிறார்கள். நம் நாட்டில் இதைச் செய்து அனுப்பும் அரசு நிறுவனம் மும்பையில் இருக்கிறது. இந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு. எட்டு நாளில் பாதி வீரியம் போய்விடும். இன்னும் எட்டு நாளில் மீதியில் பாதி போய்விடும். தூரத்து ஊர் நோயாளிக்கு லாரியில் மெதுவாக அனுப்பினால் வழியிலேயே தேய்ந்துவிடும். விமானம் வேண்டும். ஈயக் கூட்டுக்குள் வைத்து, ஏழாம் வகைச் சீட்டு ஒட்டி, தாளில் உண்மையை எழுதி அனுப்புகிறார்கள். அது பத்திரமாகப் போய்ச் சேர்கிறது.

பேட்டரியும் அப்படித்தான். அது இப்போது திருப்பதிப் பிழைப்பாகவும் ஆகிவிட்டது. கார் பேட்டரி செய்யும் அமர ராஜா நிறுவனத்தை இந்த வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. கரகம்பாடியில் எத்தனையோ குடும்பங்களுக்கு அங்கே வேலை. அந்த பேட்டரியில் இருப்பது ஈயமும் அமிலமும். அமிலம் எட்டாம் வகை. 2022 செப்டம்பரில் முனோத் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம் திருப்பதியில் லித்தியம் செல் தயாரிப்பை முன்னோட்டமாகத் தொடங்கியது. செல் ஒன்பதாம் வகை.

லித்தியம் செல் விமானம் ஏற வேண்டுமானால் முதலில் சோதனைகளில் தேற வேண்டும். உயரத்தில் இருப்பதுபோலக் காற்றழுத்தத்தைக் குறைத்துப் பார்ப்பார்கள். சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றி வைப்பார்கள். குலுக்குவார்கள், நசுக்குவார்கள். பிறகு முனைகள் தொடாதபடி ஒவ்வொன்றையும் தனித்தனியாக மூடிக் கட்டுவார்கள். அட்டைப் பெட்டிக்கும் சோதனை உண்டு. இடுப்பைவிடச் சற்று மேலே, 1.2 மீட்டர் உயரத்திலிருந்து அதைக் கீழே போட்டுப் பார்ப்பார்கள். கூலி வேலை செய்பவர் கையிலிருந்து பெட்டி நழுவினால் அந்த உயரத்திலிருந்துதானே விழும்!

இந்த வேலையில் பல பெண்கள் இருக்கிறார்கள். முனையில் ஒட்டும் ஒரு துண்டு டேப் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் கண்தான். அந்த டேப்பைப் பற்றி விமானிக்குத் தெரியாது. ஆனால் அவர் உயிர் அதிலும் இருக்கிறது.

ஏழு சாமான்

தங்கை மகன் தீப்பெட்டிக் கட்டையும் கொசு மருந்தையும் கற்பூரத்தோடு சேர்த்து வைத்தார். கொப்பரையையும் எடுத்தார். பெரியம்மாவுக்குக் கொப்பரையை விட மனமில்லை. மகனுக்குக் கொப்பரைத் துவையல் என்றால் உயிர்.

"துவையலை அரைச்சு, வறுத்துப் பொடியாப் பண்ணிக் குடுங்க பெரியம்மா. பொடி போகும்."

"பொடி போகுமா? அப்போ நாளைக்கு அனுப்பிக்கலாம்."

உப்பிய பவர் பேங்கைத் தங்கை மகன் யாருக்கும் கொடுக்கவில்லை. குப்பையிலும் போடவில்லை. குப்பை எரித்தால் அதுவும் வெடிக்கும். பின்கட்டில் ஒரு மண்சட்டியில் மணல் நிரப்பி அதன் நடுவில் வைத்தார். வீட்டுக் கூரையை விட்டுத் தள்ளி வைத்தார். பழைய செல்போன், பேட்டரி வாங்கும் கடையைச் சித்தூரில் விசாரித்துக்கொண்டு வந்து, பிறகு அதைக் கொடுப்பதாகச் சொன்னார். அதுவரை பேரப்பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

ஊறுகாய் பாட்டிலின் மூடியை இறுக்கினார்கள். ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டினார்கள். அதற்கு மேல் இன்னொரு பை.

மறுநாள் பெரியம்மா ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். மாலை வகுப்பில் பழகிய கை. எழுத்து கொஞ்சம் பெரிதாக வந்தது. மாங்காய் ஊறுகாய் என்று முதலில் எழுதினார். கடலை உருண்டை. கொப்பரைத் துவையல் பொடி. முறுக்கு. லுங்கி 2. துண்டு 1. வேட்டி 1. ஒவ்வொன்றின் கீழேயும் தங்கை மகன் ஆங்கிலத்தில் எழுதினார்.

சித்தூர் பார்சல் கடையில் கடைக்காரர் தாளைப் பார்த்துச் சிரித்தார்.

"எதுக்கும்மா இவ்வளவு? வீட்டுச் சாமான்னு ஒரு வரி போட்டாப் போதுமே. எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

பெரியம்மா பெட்டியை மேசைமேல் வைத்தார். இன்னும் டேப் ஒட்டியிருக்கவில்லை.

"பிரிச்சு எண்ணிப் பாருப்பா. ஏழு சாமான் இருக்கு. ஏழும் எழுதியிருக்கு. அப்புறமா ஒட்டு."